பழைய துணியின் விலை

(திருவண்ணாமலையில் பழந்துணியைக் கொண்டு கையால் உடை தைத்து விற்கும் பெண்களும் தையற்கடைக்காரர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய துணி சும்மா கிடைக்கிறது, அதனால் இந்தத் தொழிலில் முதலீடு குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இன்று நான் பேச வந்திருப்பது அந்த நினைப்பைப் பற்றித்தான். பழைய புடவையை யாராவது இலவசமாகக் கொடுக்கலாம். அதைத் தரம் பிரிக்க, துவைக்க, தையல் பிரிக்க, நைந்த இடத்தை வெட்டித் தள்ள, தேய்க்க, ஒட்டுப்போட ஆகிற நேரத்தை யாரும் இலவசமாகக் கொடுப்பதில்லை. அந்த நேரம் உங்களுடையது. இந்தத் தொழிலை எப்படி மாற்றியமைப்பது என்று யோசிக்கும்போது, டிசைனையும் கடைப் பலகையையும் பிறகு பார்க்கலாம். உங்கள் நேரம் எந்தத் துணியில் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இந்த ஊரில் இத்தொழில் எப்படி வளர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கார்த்திகை தீபம் முடிந்ததும் ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களிலும் செங்கம் சாலையிலும் வெளிநாட்டவர் நடமாட்டம் கூடும். வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனியில் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அந்த மூன்று நான்கு மாத வியாபாரத்தை நம்பி, ஒட்டுத்துணி ஜாக்கெட், தொளதொளப்பான பேண்ட், ஜோல்னாப் பை என்று நம் சரக்கே ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. விமானங்கள் நின்றன. பௌர்ணமி கிரிவலத்துக்கே தடை வந்து, அது மறுபடி பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. வருகிறவர்களை மட்டும் நம்பி நிற்கும் தொழில் எவ்வளவு பலவீனமானது என்பதை அப்போது ஊரே பார்த்தது. அன்று கையில் இருந்த துணியில் முகக்கவசம் தைத்துச் சமாளித்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். ஆபத்துக் காலத்தில் செய்தது அது. நிலையான மாற்றம் எது என்பதை இனிமேல்தான் யோசித்துச் செய்ய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒட்டுத்துணியில் ஒரு ஜாக்கெட். துணி பிரித்துத் துவைத்துத் தேய்க்க ஒன்றரை மணி நேரம். துண்டுகளை இணைத்துத் துணியாக்க நான்கு மணி நேரம். வெட்டி, லைனிங் வைத்துத் தைக்க மூன்று மணி. பொத்தான், கொக்கி, நூல் நறுக்குவதற்கு அரை மணி. ஆக ஒன்பது மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கூலி மட்டும் 540 ரூபாய். 60 என்பது குறைவான கூலி, கணக்குக்காகச் சொல்கிறேன். லைனிங், நூல், பொத்தான், மின்சாரம் எல்லாம் சேர்த்து 160. அடக்கம் 700. பேரம் பேசி 650க்குக் கொடுக்கிறோம். கையில் 650 ரூபாய் வருகிறது, 160 ரூபாய்தான் வெளியே போனது, 490 ரூபாய் லாபம் என்று மனம் சொல்கிறது. உண்மையில் ஒன்பது மணி நேர உழைப்பை மணிக்கு 55 ரூபாய்க்கும் குறைவாக விற்றிருக்கிறோம். அந்த ஜாக்கெட் சீசனில் விற்காமல் அலமாரியில் கிடந்தால் அதுவும் இல்லை. பல வீடுகளில் இந்தத் தொழில் நொடித்துப்போகும் வழி இதுதான். கடன் வாங்கி நஷ்டப்பட்டால் ஊருக்குத் தெரியும். உழைப்பைக் கொட்டி நஷ்டப்பட்டால் அந்தப் பெண்ணின் முதுகுவலிக்கு மட்டும் தெரியும்.

இந்த மலையில் வாழ்ந்த ரமண மகரிஷியைப் பற்றி அன்பர்கள் எழுதிவைத்த ஒரு செய்தி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆரம்பக் காலத்தில் அவரிடம் கண்கண்ணாகக் கிழிந்த ஒரு துண்டுதான் இருந்தது. கௌபீனம் கிழிந்தபோது யாரிடமும் ஊசியோ நூலோ கேட்கவில்லை. ஒரு முள்ளை ஊசியாக்கி, துணியிலிருந்தே இழை உருவித் தைத்துக்கொண்டார். பழந்துணியை மதிக்கிற எவருக்கும் அதைவிடப் பெரிய முன்மாதிரி வேண்டியதில்லை. ஆனால் அது துறவியின் தையல். அங்கே நேரத்துக்கு விலை கிடையாது. நம்முடையது அப்படி இல்லை, நம் தையலால் வீட்டில் அடுப்பெரிய வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். துணியின் மீதான அந்த மரியாதையை நாம் எடுத்துக்கொள்ளலாம். நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் விட நமக்கு உரிமை இல்லை.

நம் பாட்டிமார் நேரத்தைக் கணக்குப் பார்த்தவர்கள்தான், எழுதிவைக்கவில்லை, அவ்வளவே. ஒரு நூல் புடவை வீட்டில் எப்படிப் பயணம் செய்தது என்று நினைத்துப் பாருங்கள். கட்டிக் கட்டி மெத்தென்று ஆனதும் குழந்தைக்குத் தூளியானது. அதற்குத் தையலே வேண்டாம், ஒரு முடிச்சுப் போதும். அங்கங்கே இழை விட்டதும் கிழித்துத் தலையணை உறையாகவும் பச்சைக் குழந்தைக்கு இடுப்புத் துணியாகவும் ஆனது. பிறகு அடுப்படியில் கரித்துணி. கடைசியில் திரித்து விளக்குத் திரி. துணி நைய நைய, அதன்மேல் செலவாகும் உழைப்பும் குறைந்துகொண்டே வந்தது. இற்றுப்போகிற துணியில் எந்தப் பாட்டியும் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து தைத்ததில்லை. நாமோ ஆயுள் முடியப்போகிற துணியைத் தேடி எடுத்து, அதன்மேல் அதிக உழைப்பைப் போடுகிறோம். வாங்கியவர் நான்கு முறை துவைத்ததும் ஒட்டு விட்டுக்கொள்கிறது. அவர் மறுபடி வருவதில்லை. நம் தொழிலை மாற்றியமைக்க நான் சொல்லும் வழி இந்த வரிசையை நேராக்குவதுதான். உறுதியான துணிக்கு அதிக உழைப்பு, நைந்த துணிக்குக் குறைந்த உழைப்பு.

உறுதியான துணி எங்கே கிடைக்கும்? இன்னும் யாரும் உடுத்தாத கழிவில் கிடைக்கும். திருப்பூரில் வெட்டு மேசையிலிருந்து விழும் பனியன் கட்டிங் வேஸ்ட், சாம்பிள் துணி, மிச்ச ரோல் ஆகியவை பெரிய வியாபாரம். அந்தத் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து, இயந்திரத்தில் பிய்த்துப் பஞ்சாக்கி, கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் மறுபடி நூலாக நூற்கிறார்கள். நிறம் பிரித்த கழிவிலிருந்து வரும் நூலுக்கு அதே நிறம் இருப்பதால் சாயம் அதிகம் தேவைப்படுவதில்லை. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட வரலாறு நினைவிருந்தால், சாயமில்லாத நிறத்தின் மதிப்பு புரியும். வடக்கே பானிபட்டில் உலகெங்கும் கழித்த கம்பளி உடைகளைப் பிய்த்துப் போர்வையாக்குகிறார்கள். இந்த இரண்டு ஊர்களோடும் நாம் போட்டி போட முடியாது, போட வேண்டியதும் இல்லை. அவர்களிடமிருந்து ஒன்றைக் கற்கலாம். தரம் பிரிப்பதுதான் அங்கே தொழிலின் பாதி. நம் வீடுகளிலோ மூட்டை வந்ததும் அப்படியே மூலையில் கிடக்கும், தேவைப்படும்போது கை விட்டுத் துழாவுவோம்.

துணி வந்த அன்றே பிரியுங்கள். பின்னல் துணி தனி, நெசவுத் துணி தனி. பனியன் துணி இழுத்தால் நீளும், ஓரம் சுருளும். அதையும் நெசவுத் துணியான காடாவையும் ஒரே ஒட்டில் சேர்த்தால் முதல் துவைப்பிலேயே ஒன்று இழுக்கும், மற்றொன்று நிற்கும். பருத்தியா, பாலியஸ்டரா என்று சந்தேகம் இருந்தால் ஓர் இழையைக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். பட்டு முடி பொசுங்கும் நாற்றம் தரும். புதுக் கட்டிங்கைத் தைக்கும் முன் ஓர் இரவு ஊற வைத்துக் காய வையுங்கள், சுருங்க வேண்டியது முன்பே சுருங்கிவிடும். அடர்சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகியவற்றை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்காமல் வெளிர்நிறத்தோடு சேர்க்காதீர்கள்.

பழைய புடவைக்குத் தனிப் பார்வை வேண்டும். ஐந்தரை மீட்டரும் ஒரே மாதிரி நைவதில்லை. கால் படும் கீழ்க்கரையும் இடுப்பில் செருகும் உள்முனையும் முதலில் போகும். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் திடமாக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இரு கையாலும் குறுக்கே இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அது உடைக்கு ஆகாது. பட்டில் இன்னும் கவனம் தேவை. நம் மாவட்டத்திலேயே ஆரணி இருக்கிறது, பழைய பட்டுக்குப் பஞ்சமில்லை. மடிப்பிலேயே வருடக்கணக்கில் பீரோவில் கிடந்த பட்டு அந்த மடிப்பில்தான் விரியும். கரையும் முந்தானையும் உறுதியாக இருந்தால் அதைப் புதுக் கைத்தறித் துணியில் கைப்பட்டையாக, பையின் முகப்பாக வைத்துத் தையுங்கள். முழு ரவிக்கையாகத் தைத்தால் அக்குளில் கிழிந்து திரும்பி வரும்.

நைந்த துணி வீணா? இல்லை. அதை அடுக்குங்கள். மூன்று நான்கு புடவைத் துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து நேர்கோடாகத் தைத்தால், தனியே நிற்காத துணிகூட அடுக்கில் பல ஆண்டு நிற்கும். வங்காளத்துக் காந்தா, கர்நாடகத்துக் கௌதி எல்லாம் இந்த அடிப்படையில் வளர்ந்தவை. கையால் ஓட்டுத்தையல் போட்டால் வாரக்கணக்கில் ஆகும், அதற்குரிய விலை கொடுப்பவர் சிலரே. மெஷினில் இரண்டடிக்கு இரண்டடி உட்காரும் விரிப்பு தைக்க, துணி தயாரிப்பும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி 75, மற்றது 25, அடக்கம் 100. அதை 180க்கு விற்கலாம். தியானத்துக்கு உட்காருகிறவர்கள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்கும் ஊரில் இதற்கு வெளிநாட்டுக்காரர் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வெளியில் இத்தொழிலைச் செய்து பார்த்தவர்களின் அனுபவத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஃப்ளோரன்ஸ் என்ற சிறு நகரத்தில் நடந்தது. ஒரு காலத்தில் டி-ஷர்ட் தைப்பதில் பெயர்பெற்ற ஊர் அது. 1994இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் ஆலைகள் மூடின, தைக்கத் தெரிந்த பெண்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். அவ்வூரில் பிறந்த நாட்டலி சானின் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஊர் திரும்பி, பழைய டி-ஷர்ட்டுகளை வெட்டி முழுக்கக் கையால் தைத்த உடைகளை அந்தப் பெண்களைக் கொண்டு செய்யத் தொடங்கினார். பின்னாளில் 'அலபாமா சானின்' என்று பெயர்பெற்ற தொழில் அது. அங்கே எனக்குப் பிடித்தது கூலி முறை. இந்த உடையை இந்தக் கூலிக்குத் தைக்க முடியும் என்று தைப்பவரே சொல்லி, வேலையை எடுத்து வீட்டில் வைத்துத் தைப்பார். நேரத்தின் விலையை நிர்ணயிப்பவர் அதைச் செலவிடுகிறவர்.

கையால் தைத்த உடையின் விலை ஏறியது. வாங்க முடியாதவர்கள் பெருகினார்கள். நம்மில் பலர் அந்த இடத்தில் விலையைக் குறைப்போம், அதாவது கூலியைக் குறைப்போம். நாட்டலி வேறு வழி போனார். வெட்டித் தயாராக்கிய துணி, நூல், அச்சிட்ட மாதிரி எல்லாம் வைத்து, வாங்குபவரே தைத்துக்கொள்ளும் பொட்டலமாக விற்றார். தன் தையல் முறைகளை மறைக்காமல் 2008 முதல் புத்தகங்களாக வெளியிட்டார். பயிற்சி வகுப்புகள் நடத்தினார். தொழில் வளர்ந்தபோது பழைய டி-ஷர்ட்டை விட்டு இயற்கை வேளாண்மைப் பருத்தித் துணிக்கும் மாறினார். மூலப்பொருளைக்கூட மாற்றத் துணிந்தார், தைக்கும் பெண்களின் கூலியில் கை வைக்கவில்லை. நம் ஊரில் ஒரு நாள் தையல் வகுப்புக்கு வர எத்தனை பேர் ஆர்வமாக இருக்கிறார்கள் என்று நாம் கேட்டுப் பார்த்ததே இல்லை. தங்கும் விடுதிகளில் வாரக்கணக்கில் இருப்பவர்கள், விடுமுறைக்கு வரும் சென்னை, பெங்களூரு குடும்பங்கள், ஊரிலேயே கல்லூரிப் பிள்ளைகள். பழைய சட்டையைப் பையாக்கச் சொல்லிக்கொடுக்கும் மூன்று மணி நேரத்துக்குக் கட்டணம் வாங்கலாம். அதில் நீங்கள் விற்பது உங்கள் கையின் அறிவு, அது அலமாரியில் தேங்காது.

பக்கத்திலேயே இன்னொன்று. ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்தும் 'உபாசனா' நிறுவனம், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் மீனவப் பெண்களுக்குத் தையல் துண்டுகளிலிருந்து விரலளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அதுதான் 'சுனாமிகா'. அந்தப் பொம்மையை விற்கவில்லை, பரிசாகக் கொடுத்தார்கள், பெற்றவர்கள் தந்த நன்கொடையில் பெண்களுக்குக் கூலி போனது. அந்த முறை எல்லாருக்கும் பொருந்தாது. அதில் நான் கவனிப்பது பொம்மையின் அளவை. கையில் இருந்த துணி எவ்வளவு சிறியதோ அவ்வளவு சிறிய பொருளை யோசித்தார்கள். பெரிய உடை தைக்க ஆசைப்பட்டு நூறு துண்டுகளை ஒட்டவில்லை. நம் பக்கத்தில் ஜவ்வாது மலையடிவாரத்தில் குக்கூ காட்டுப்பள்ளியை ஒட்டிக் கிராமத்துப் பெண்களுக்காக வளர்ந்த 'துவம்' தையல் பள்ளிக்கும் சுனாமிகா ஓர் உந்துதல். டெல்லியில் 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு, நகரத்தில் கழித்த துணியைப் பிரித்து, துவைத்து, உடுத்தத் தகாததைச் சுத்தமான மாதவிடாய்த் துணியாக மாற்றிக் கிராமங்களுக்கு அனுப்புகிறது. அங்கும் பிரித்தல்தான் முதல் வேலை.

இனி ஆர்டர் விஷயம். ஒரு கடைக்காரர் வந்து, இந்தச் சட்டை நன்றாக இருக்கிறது, இதே மாதிரி ஐம்பது வேண்டும் என்பார். பழந்துணியில் 'இதே மாதிரி' கிடையாது. முடியாது என்று சொல்லி அனுப்பவும் மனம் வராது. வெட்டை நிலையாக வைத்துக்கொண்டு துணியை மாறவிடுவதுதான் இதற்கு வழி. மூன்று வடிவம் போதும். ஒரு குர்தா, ஒரு குழந்தைச் சட்டை, ஒரு பை. மூன்றுக்கும் கெட்டி அட்டையில் மாதிரி வெட்டி, நான்கு அளவில் மாட்டிவையுங்கள். உடம்புப் பகுதி புதுக் கைத்தறி அல்லது ஒரே ரோல் மிச்சத்துணி. தோள்பட்டை, பாக்கெட், கைப்பட்டை மட்டும் பழந்துணி. கடைக்காரருக்கு ஐம்பதும் ஒரே அளவில், ஒரே விலையில் போகும், ஒவ்வொன்றும் வேறு வேறு நிறத்தில் இருக்கும். ஒன்பது மணி நேர வேலை மூன்று மணி நேரத்துக்கு இறங்கும். இதில் ஒரு நேர்மையும் வேண்டும். பாக்கெட் மட்டும் பழந்துணி என்றால் பாக்கெட் மட்டும் பழந்துணி என்றே சீட்டில் எழுதுங்கள். முழு உடையும் மறுசுழற்சி என்று எழுதி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள், அவர்களோடு உங்கள் பெயர் சேரக் கூடாது.

ஊர்க்காரர்களை வாடிக்கையாளராக நாம் இன்னும் பார்க்கவில்லை என்பது என் வருத்தம். பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் நடக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு உடலோடு ஒட்டிக் கிடக்கும் சிறு தோள்பை வேண்டும், கைபேசிக்கும் வீட்டுச் சாவிக்கும் ஜிப் வைத்தது. குழந்தைக்குப் பருத்திச் சட்டை வேண்டும். இறந்துபோன தாயின் புடவையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாத மகள்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அந்தப் புடவையைப் போர்வையாக அடுக்கித் தைத்துக் கொடுங்கள், மூலப்பொருள் அவர்களுடையது, உங்கள் கூலி முழுதாகக் கைக்கு வரும். ஓரம் பிரித்துக் கொடுப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசல் தெரியாமல் இழை ஓட்டுவது ஆகியவற்றைச் சில்லறை வேலை என்று தள்ளாதீர்கள். சீசன் இல்லாத ஆனி, ஆடியில் வாடகை கட்டுவது அந்த வேலைதான்.

மஞ்சப்பை பற்றிக் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் என்று வாய்ப்பு வந்தது உண்மை. ஆனால் பத்து ரூபாய்ப் பை தைப்பது வேகத்தின் தொழில், பவர் மெஷின் வரிசையாகப் போட்டவர்களுக்கு உரியது. மிச்சத்துணி தீர்ப்பதற்குத் தையுங்கள், அதை நம்பி உட்காராதீர்கள்.

பணத்துக்கு: மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்கிறவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை. உத்யம் பதிவு இலவசம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையல் உட்பட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கடன் வாங்கினால் முதலில் ஓவர்லாக் மெஷினும் நல்ல அயர்ன் மேசையும் வாங்குங்கள். கடைக்குக் கண்ணாடி போடுவது பிறகு ஆகட்டும்.

வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, அடுத்த ஒரு மாதம் தைக்கும் ஒவ்வொரு உருப்படிக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், விற்ற விலை ஆகிய மூன்றையும் மட்டும் எழுதுங்கள். மாதக் கடைசியில் மணிக்கு என்ன கூலி விழுந்தது என்று வகுத்துப் பார்த்து, மிகக் குறைவாக விழுந்த உருப்படியை நிறுத்திவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும். இப்போது, நீங்கள் கொண்டுவந்திருக்கும் மூட்டைகளை மேசைக்கு எடுத்து வாருங்கள். மூன்று குவியலாகப் பிரிப்போம்: உடைக்கு, அடுக்கித் தைக்க, திரிக்கு.